மின்தடைக்குப் பின் எழாத சர்வர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: செந்தூலில் உள்ள எங்கள் அச்சகத்தில் மாலை இடிமழையின்போது மின்சாரம் போய் வந்தது. அதிலிருந்து உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) சர்வர் திரையில் சின்னம் மட்டும் சுழல்கிறது. மீண்டும் மீண்டும் அணைத்துப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். நின்றுபோனதாகத் தோன்றும் சர்வர் உள்ளே வட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். அப்போது மின்சாரத்தைத் துண்டித்தால் சிறு பழுதும் பெரும் பழுதாகிவிடும். முதலில் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். சின்னம் விலகி, பின்னால் ஓடும் வரிகள் தெரியும். கடைசி வரியில் ஒரு வட்டின் அடையாள எண்ணும், ஏறிக்கொண்டே போகும் நொடிக் கணக்கும், 1 நிமிடம் 30 நொடி என்ற வரம்பும் இருந்தால், அந்த வட்டு வருமென்று சர்வர் காத்திருக்கிறது என்று பொருள். சிறிய அலுவலகங்களில் இது பெரும்பாலும் யாரோ கழற்றி வைத்த யூஎஸ்பி பேக்கப் வட்டாகத்தான் இருக்கும். வரம்பு முடிந்ததும், பழுதுபார்ப்பதற்கான கட்டளைத் திரையாகிய எமர்ஜென்சி மோடு திறக்கும். அங்கே, எழும்போது எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் அந்த வட்டுக்குரிய வரியின் விருப்பங்களில் 'நோஃபெயில்' (nofail) என்று சேர்த்துவிட்டால், வட்டு இல்லாவிட்டாலும் சர்வர் எழும்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் கணக்கர் அலுவலக சர்வர், வட்டிலுள்ள கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) கருவியை நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லி நிற்கிறது. ஓட்டலாமா?

பதில்: வட்டின் உடல்நிலையைப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். வட்டு தன் நிலையைத் தானே பதிந்து தரும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில் படிக்க முடியாத செக்டர்கள் (வட்டின் சிறு பகுதிகள்) இருப்பதாகத் தெரிந்தால், பழுதான வட்டை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ (ddrescue) கருவி கொண்டு முழு வட்டையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலின்மேல் மட்டும் பழுதுபாருங்கள். எஃப்எஸ்சிகேயின் வேலை கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை) முரணில்லாத நிலைக்குக் கொண்டுவருவதே தவிர, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதன்று. ஓரிடத்தில், கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்திய பிறகு, பல மாத ரசீதுகள் பெயரிழந்து, வெறும் எண்களாக 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் கிடந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பெயரிட வேண்டியிருந்தது. உங்களுடைய கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்னும் வகை என்றால் அதற்குரிய கருவி எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர் (xfs_repair); அதில் பெரிய எழுத்து 'எல்' (-L) தெரிவு எழுதி முடியாத பதிவுகளை அழித்துவிடும் என்பதால், வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தொட வேண்டும்.

கேள்வி: திரையில்லாத எங்கள் சர்வர், விசைப்பலகை செருகி என்டர் அழுத்தினால்தான் எழுகிறது. ஏன்?

பதில்: முந்தைய பூட் (சர்வர் எழும் செயல்) முழுமையடையாததை, இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் க்ரப் (GRUB) நிரல் குறித்துவைத்துக்கொண்டு, பட்டியலைக் காட்டிக் காத்திருக்கிறது. க்ரப் அமைப்புக் கோப்பில் (/etc/default/grub) 'ரெக்கார்ட்ஃபெயில் டைம்அவுட்' (GRUB_RECORDFAIL_TIMEOUT) மதிப்பை 5 நொடியாக வைத்து, அப்டேட்-க்ரப் (update-grub) கட்டளையை ஓட்டுங்கள்.