ஐபோனில் மறையும் பொத்தான், உரசிக்கொள்ளும் தமிழ் வரிகள்

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கும் என் அத்தையின் கடைக்கு நானே ஓர் இணையதளம் வடிவமைத்தேன். மடிக்கணினியில் குரோமில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஐபோனில் முகப்புப் பக்கத்தின் அடியில் உள்ள ‘வாங்க’ பொத்தான் பாதி மறைந்துபோகிறது. ஐபோனிலேயே குரோமைப் பதிவிறக்கித் திறந்தேன், அங்கும் அப்படியே. குரோம் ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் தவறாகவும் காட்டுமா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: காட்டும். ஏனென்றால் இரண்டும் ஒரே குரோம் அல்ல. பெயரும் சின்னமும் ஒன்று, பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் வேறு. மடிக்கணினி குரோமில் இருப்பது கூகுளின் பிளிங்க். ஐபோனில் எந்த பிரவுசரை நிறுவினாலும் உள்ளே இயங்குவது சஃபாரியின் வெப்கிட்தான். ஆப் ஸ்டோரில் ஆப்பிள் வைத்திருக்கும் விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் விலக்கு உண்டு, காரைக்குடியில் உள்ள போனுக்கு அது பொருந்தாது. ஆகவே நீங்கள் இரண்டு பிரவுசர்களைச் சோதிக்கவில்லை, சஃபாரியின் எஞ்சினையே இரண்டு முறை சோதித்திருக்கிறீர்கள். எட்ஜ், ஓபரா, பிரேவ் ஆகியவை கணினியில் பிளிங்க்கில் ஓடுவதால் அங்கும் இதே குழப்பம் நேரும். நான்கு பிரவுசர்களில் சோதித்துவிட்டேன் என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் ஒரே எஞ்சினைத்தான் பார்த்திருப்பார்கள். பிளிங்க், வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ என்று முக்கிய எஞ்சின்கள் மூன்று. இந்த மூன்றிலும் பார்த்தால் போதும்.

இனி பொத்தான். முகப்புப் பகுதிக்கு உயரம் 100 விஹெச் (ஒரு விஹெச் என்பது திரை உயரத்தில் நூறில் ஒரு பங்கு) என்று எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். திரை முழுவதும் என்பது உங்கள் எண்ணம். ஐபோன் சஃபாரி அந்த 100-ஐ முகவரிப் பட்டை சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரமாகக் கணக்கிடுகிறது. பக்கம் திறக்கும்போது பட்டை விரிந்தே இருக்கும், 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் அது வழக்கமாகத் திரையின் அடியிலேயே நிற்கிறது. பொத்தான் அதன் பின்னால் போய்விடுகிறது. இதைப் பிழை என்று பலர் திட்டுகிறார்கள், நான் திட்டமாட்டேன். பட்டை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் உயரத்தை மாற்றினால், படிக்கும் வரி வாசகரின் கண்ணெதிரே துள்ளும்.

இதற்காகவே எஸ்விஹெச், எல்விஹெச், டிவிஹெச் என்ற புதிய அலகுகள் வந்தன. 2022 முடிவதற்குள் மூன்று எஞ்சின்களும் அவற்றை ஏற்றுக்கொண்டன. பட்டை விரிந்த நிலையின் சிறிய உயரம் முதலாவது, சுருங்கிய நிலையின் பெரிய உயரம் இரண்டாவது, அந்தந்த நேரத்து உயரம் மூன்றாவது. உங்களுக்கு எஸ்விஹெச் பொருந்தும். டிவிஹெச் வைத்தால் உருட்டும்போது முகப்புப் படம் நீண்டு சுருங்கும். பழைய வரியை அழிக்காதீர்கள். முதலில் 100 விஹெச், அதற்கு அடுத்த வரியில் 100 எஸ்விஹெச் என்று இரண்டையும் எழுதுங்கள். தனக்குப் புரியாத மதிப்பை பிரவுசர் தள்ளிவிட்டு, புரிந்த முந்தைய வரியைப் பிடித்துக்கொள்ளும். அத்தையின் வாடிக்கையாளர்களில் பழைய போன் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள், அவர்களைக் கைவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. குரோமின் டெவலப்பர் கருவியில் ஐபோன் என்று தேர்ந்தெடுத்தால் திரையின் அளவுதான் மாறும், வரைவது பிளிங்க்தான். இந்தச் சிக்கலை அதில் நீங்கள் ஒருநாளும் காணமாட்டீர்கள். ஒரு மேக் கணினி இரவல் கிடைத்தால் ஐபோனைக் கேபிளில் இணைத்து, போனின் சஃபாரி அமைப்புகளில் வெப் இன்ஸ்பெக்டரை இயக்குங்கள். எந்த விதி வேலை செய்கிறது, எது அடிபட்டுப் போயிற்று என்று வரிவரியாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் சிற்றிதழின் இணையப் பதிப்பில் இரண்டு வரித் தலைப்புகள் விண்டோஸில் ஒழுங்காக இருக்கின்றன. மேக்கிலும் போனிலும் மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் மீது இடிக்கின்றன. தடித்த எழுத்து மை ஊறியதுபோலத் தெரிகிறது. எந்த பிரவுசர் தவறு செய்கிறது? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: எதுவும் செய்யவில்லை. ஒரே கணினியில் குரோமையும் ஃபயர்ஃபாக்ஸையும் அருகருகே திறந்து பாருங்கள், தலைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேறுபடுவது எழுத்துரு. ஸ்டைல்ஷீட்டில், அதாவது தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பில், ஆங்கில எழுத்துருவின் பெயர் மட்டும் இருந்தால், தமிழுக்கு அந்தந்தக் கருவியில் உள்ளதை பிரவுசர் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா யூஐ, பழைய விண்டோஸில் லதா, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒவ்வொன்றின் உயரமும் அகலமும் வேறு.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற ஒன்றை உங்கள் சர்வரிலிருந்தே வழங்குங்கள், இரண்டும் இலவசம். சாதாரணம், தடிப்பு என்று இரண்டு கோப்புகளும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் பிரவுசர் தானே எழுத்தைப் பருமனாக்கும். ணகரத்தின் சுழிகள் அடைபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

வரி உயரத்தைப் பாருங்கள், 1.1 என்றோ 1.2 என்றோ இருக்கும். ஆங்கில வார்ப்புருவோடு சேர்ந்து வந்த எண் அது. மேலே ஈகாரக் கொக்கியும் கீழே ஊகாரச் சுழியும் கொண்ட எழுத்துக்கு அந்த இடம் போதாது. தலைப்புக்கு 1.4, கட்டுரைக்கு 1.7 வைத்துப் பாருங்கள். அலகு சேர்க்காமல் வெறும் எண்ணாக எழுதுங்கள். சதவீதத்தில் எழுதினால் மேல்பகுதியில் கணக்கிட்ட உயரம் அப்படியே பெரிய தலைப்புக்கும் இறங்கிவிடும். தமிழுக்கு வேண்டிய இடத்தைக் கொடுக்காத வடிவமைப்பை அழகு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கேள்வி: பிரவுசரின் பெயரைக் கண்டறிந்து ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டைல்ஷீட் அனுப்பலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். குரோம் தன்னை அறிமுகப்படுத்தும் வரியில் மொஸில்லா, சஃபாரி என்ற பெயர்களும் இருக்கும். பெயரை நம்பி எழுதிய தளம் அடுத்த பதிப்பில் உடையும். ‘இந்த வசதி உனக்குத் தெரியுமா’ என்று, ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸிலேயே கேட்க சப்போர்ட்ஸ் விதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: படிவக் கட்டங்களில் வரும் குறிப்பு எழுத்துக்கு நிறம் கொடுத்தேன். வெப்கிட்டுக்கும், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவுக்கும் உரிய பிளேஸ்ஹோல்டர் பெயர்களைக் காற்புள்ளி போட்டு ஒரே விதியில் எழுதியிருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸில் நிறம் வருகிறது, குரோமில் வரவில்லை. (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: அந்தக் காற்புள்ளிதான் காரணம். மதிப்பு புரியாவிட்டால் ஒரு வரி மட்டும் போகும். விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் தேர்வுப் பட்டியலில் ஒரு பெயர் புரியாவிட்டால் விதி முழுவதும் போய்விடும். ஃபயர்ஃபாக்ஸ் வெப்கிட் பெயரை ஏற்றுக்கொள்ளும், மொஸில்லா பெயர் குரோமுக்குத் தெரியாததால் நீங்கள் கொடுத்த நிறமும் சேர்ந்தே போயிற்று. இன்றைய பிரவுசர்களுக்கு வெப்கிட், மொஸில்லா என்ற முன்னொட்டு இல்லாத பிளேஸ்ஹோல்டர் ஒன்றே போதும். பழையவையும் வேண்டுமென்றால் ஒவ்வொரு பெயருக்கும் தனி விதி எழுதுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் இந்த எழுத்தைச் சற்று மங்கலாகக் காட்டும் பழக்கம் உள்ளது, அதனால் ஒபாசிட்டி 1 (மங்கல் இல்லாமல் முழுமையாகக் காட்டு) என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.