ஊட்டிக் குளிரில் செடித் தொட்டி: சிலிண்டருக்கு முன் கிளிஞ்சல்

கேள்வி: ஊட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டடி நீளத்தில் மீன் தொட்டி வாங்கி, பத்து வகைச் செடியும் பன்னிரண்டு கப்பி மீனும் விட்டோம். மூன்று வாரத்தில் கப்பி ஒன்றுகூட மிஞ்சவில்லை. செடிகளின் இலை கண்ணாடிபோல் ஆகிக் கரைகிறது. கார்பன் டை ஆக்சைடு இல்லாததுதான் காரணம், 14,000 ரூபாய்க்கு சிலிண்டர் செட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். மீன் செத்ததற்கும் சிலிண்டருக்கும் சம்பந்தமே இல்லை. இலை கரைவதும் சிலிண்டரால் நிற்கப் போவதில்லை.

மலையில் குழாயில் வருவது ‘நல்ல தண்ணீர்’. சோப்பு நுரைக்கும், டீ ருசிக்கும். கப்பியும் மொல்லியும் உப்புத் தண்ணீருக்குப் பழகியவை. சமவெளியில் போர் தண்ணீரில், 27 டிகிரி சூட்டில் ஜம்மென்று இருக்கும். உப்பு என்றால் சாப்பாட்டு உப்பு இல்லை, தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு. ஹீட்டர் இல்லாத ஊட்டி வீட்டுக்குள் ஜனவரி விடியலில் 12 டிகிரி இருக்கும். சுண்ணாம்பும் இல்லை, சூடும் இல்லை. மூன்று வாரம் தாங்கியதே பெரிய விஷயம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீன் கழிவிலிருந்து மீனுக்கே விஷமான அம்மோனியா வரும். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த வேலை நடக்க நடக்கத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு கரைந்து தீர்ந்துகொண்டே போகும். நம் குழாய்த் தண்ணீரில் அது ஆரம்பத்திலேயே சொற்பம். தீர்ந்ததும் தண்ணீர் புளித்து, புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். (குறையக் குறையப் புளிப்பு) 6க்குக் கீழே இறங்கும், பாக்டீரியா படுத்துவிடும். குளிரில் அது சோம்பலாகவே வேலை செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமவெளியில் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தயாராகும் தொட்டிக்கு இங்கே இரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை செடி மட்டும் இருக்கட்டும். ‘ஒரே நாளில் தொட்டி ரெடி’ என்று விற்கும் பாக்டீரியா பாட்டிலை நம்பிப் பன்னிரண்டு மீனை ஒன்றாக இறக்குவது அவற்றைக் கொல்வதற்குச் சமம்.

மருந்து மலிவானது. கோழித் தீவனக் கடையில் கிளிஞ்சல் கிடைக்கும். 50 கிராம் எடுத்துக் கழுவி, வலைப் பையில் கட்டி, ஃபில்டர் தண்ணீர் ஓடும் இடத்தில் போடுங்கள். வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்க வேண்டும், அதுதான் சோதனை. தண்ணீர் புளிக்கப் புளிக்கத்தான் அது கரையும் என்பதால் அளவு மீறுமோ என்ற பயமில்லை. அது கரையும்வரை பொறுக்காது என்றால் ஆப்ப சோடா: 45 லிட்டருக்குக் கால் டீஸ்பூன், ஒரு டம்ளரில் கரைத்து ஊற்றுங்கள், அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதைத் தொடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊட்டிக்குச் சொன்னதைக் கூடலூர்க்காரர் அப்படியே செய்துவிடுவார். கூடலூர், பந்தலூர், மசினகுடிப் பக்கம் ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. அங்கே வருடத்தின் பெரும்பகுதி ஹீட்டரே வேண்டாம். கீழே நான் சொல்லப் போகும் குளிர் மீனுக்கு அங்கத்திய கோடைதான் தொல்லை. கிணறு அல்லது போர் தண்ணீர் பிடிப்பவர் எந்த ஊரானாலும் கிளிஞ்சல் போடுமுன் கெட்டிலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு, கிளிஞ்சல் தேவையில்லை. அப்படிப்பட்ட தண்ணீரில் கப்பியே விடலாம், சூடு மட்டும் கொடுத்தால் போதும். ஊட்டியிலேயே பாதி நாள் குழாய், பாதி நாள் லாரித் தண்ணீர் என்று பிடிப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் மாறினால் முடிவும் மாறும்.

இனி இலை. கடையில் வாங்கும் நீர்ச்செடிகளில் பல, நர்சரியில் இலை காற்றில் இருக்க வளர்ந்தவை. தண்ணீருக்குள் போனதும் அந்த இலை அழுகும், வேரிலிருந்து புது இலை வரும். கிரிப்டோகோரைன் இதில் பேர் போனது. அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுங்கள், கிழங்கைப் பிடுங்காதீர்கள். ஒரு மாதம் பொறுங்கள்.

ஆனால் பத்து வகை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. லக்கி பேம்பூ என்கிற டிராசீனா, ஸ்பைடர் பிளான்ட், சிங்கோனியம், ஊதா நிறச் சுருக்க இலைச் செடி ஆகிய நான்கும் தரைச் செடிகள். கூசாமல் தொட்டிச் செடி என்று விற்கிறார்கள், தண்ணீருக்குள் இரண்டு மாதம் பச்சையாக நின்று பிறகு அழுகும். அடையாளம் எளிது: செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர்ச் செடியின் தண்டு பெரும்பாலும் துவண்டு தொங்கும். விறைப்பாக நின்று, இலையில் மெழுகுப் பளபளப்பும் இருந்தால் சந்தேகப்படுங்கள். (ஆனுபியாஸ் விறைப்பாக நிற்கும், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.) சமவெளியில் ஒருவர் மொத்தமாக வாங்கி, மலைக்கு ஏற்றி, பெயர் தெரியாமலே மூன்று மடங்கு விலைக்குக் கைமாற்றுகிறார், பில்லில் ‘பிளான்ட்ஸ் 10’ என்றுதான் இருக்கும். செடிப் பெயர் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். ஆனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா இந்த நான்கு போதும். முதல் இரண்டின் தண்டுக் கிழங்கை மணலில் புதைக்காமல், கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டுங்கள், புதைத்தால் அழுகும்.

குளிர்ந்த தண்ணீரில் இந்தச் செடிகள் மெதுவாகத்தான் வளரும். பசி இல்லாத பிள்ளைக்கு விருந்து எதற்கு? சிலிண்டர் வாயு செலுத்தினால் சுண்ணாம்பு இல்லாத தண்ணீரில் பி.எச். 6 வரை சரியும். அதைவிட ஆபத்து கரண்ட் கட். கரண்ட் போனதும் வாயுவை அடைக்கும் சோலனாய்டு வால்வு மலிவு செட்டில் பெரும்பாலும் இருக்காது. ஃபில்டர் நின்றிருக்க, வாயு மட்டும் ராத்திரி முழுக்கக் குமிழியிட்டு மீனை மூச்சுத்திணற வைக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால் எப்போது வரும் என்று போனில் கேட்டால் ‘ஆள் போயிருக்காங்க’ என்பதற்கு மேல் பதில் கிடைக்காத ஊரில், இதை விற்கிறவருக்கு என்ன தைரியம்!

பணத்தை ஹீட்டரில் போடுங்கள். ஊட்டிக்கு ஏற்ற மீன் வைட் கிளவுட்; 14 முதல் 22 டிகிரி அதற்குப் பிடித்த சூடு. 45 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர் ஒன்றை 18இல் வைத்தால் போதும். கடைகளில் 25 டிகிரிக்கே பூட்டி வைத்த ‘ஆட்டோமேட்டிக்’ மாடலைத் தள்ளிவிடுவார்கள். சூட்டைத் திருப்பி மாற்றக்கூடியதை வாங்கி, தனியாக ஒரு தெர்மாமீட்டரும் ஒட்டுங்கள். டெட்ரா மீன்தான் வேண்டும், 24 டிகிரி வேண்டும் என்றால் 50 வாட்டில் இரண்டு. ஒற்றை 100 வாட் அணையாமல் மாட்டிக்கொண்டால் மீன் குழம்பாகிவிடும். இரண்டில் ஒன்று அப்படி மாட்டிக்கொண்டால் பாதி வேகம்தான், கவனிக்க நேரம் கிடைக்கும். பின்பக்கமும் இரு பக்கமும் தெர்மோகோல் ஒட்டுங்கள். கரண்ட் போனால் கம்பளி போர்த்துங்கள். சுடுநீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை மூடி மிதக்கவிட்டால் ஒரு டிகிரி ஏறும்.

வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரை பிளக்கிலிருந்து கழற்ற வேண்டும். வெளியே தெரிந்தபடி சூடானால் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். குழாயில் எந்த நாளில் பிளீச்சிங் பவுடர் தூக்கலாக இருக்கும் என்று யாரும் அறிவிப்பதில்லை, ஆகவே பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்து, கெட்டில் வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். விளக்கு டைமரில் ஆறு மணி நேரம்.

அடியில் கழுவிய ஆற்று மணல் இரண்டு அங்குலம் போதும். தேயிலைத் தோட்டத்து மண்ணை அள்ளி வராதீர்கள். கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அதில் இருக்கும், இறாலும் நத்தையும் பிழைக்காது. கேரட் தோட்டத்து மண்ணும் வேண்டாம், உரம் அம்மோனியாவாகும். வெட்டிப் போட்ட செடியை ஓடையில் விடாமல் வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தொட்டி நிறைந்தால் மணலோடு எழுபது, எண்பது கிலோ வரும். பழைய பங்களாவின் பலகைத் தரையானால் சுவரை ஒட்டி, உத்தரங்களுக்குக் குறுக்காக வையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மூன்று வைட் கிளவுட், மூன்று வாரம் கழித்து இன்னும் ஐந்து. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து மீன் பை பந்துபோல் உப்பும். பையில் காற்றைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளராக நான்கு முறை பையில் ஊற்றி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சிங்க்கில் போகட்டும்.