உயரத்தைக் காதில் சொல்லும் கருவி: சிறு விமானத்துக்கு வாங்குமுன்

கேள்வி: விமானத்தில் ஆல்டிமீட்டர் (உயரமானி) இருக்கிறது, டேப்லெட்டில் ஜிபிஎஸ் உயரமும் வருகிறது. அதையே குரலில் சொல்லும் செயலி ஒன்று போதாதா, தரையிறங்கும்போது உயரத்தைச் சொல்லத் தனிக் கருவி எதற்கு?

பதில்: தரையிறங்குவதற்குப் போதாது. ஆல்டிமீட்டர் அளப்பது காற்றழுத்தத்தை. அதில் அன்றைய அழுத்தத்தை 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) தவறாக வைத்தாலே கிட்டத்தட்ட 27 அடி பிசகும். ஜிபிஎஸ் உயரம் சில மீட்டர் முன்பின்னாக இருப்பது சாதாரணம். உங்களுக்கு வேண்டியதோ சக்கரத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே மிச்சமிருக்கும் கடைசி 20 அடி. அதை நேராகத் தரையை நோக்கி அளக்கும் லேசரோ ரேடாரோதான் சொல்ல முடியும். மீயொலி சென்சாரை வைத்துச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அது எட்டுவது சில மீட்டர்தான். பறக்கும்போது வீசும் காற்றிலும் புரொப்பெல்லர் இரைச்சலிலும் அதன் அளவு நிலைக்காது.

கேள்வி: லேசர் நல்லதா, ரேடார் நல்லதா?

பதில்: நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தார், கான்கிரீட், புல் ஓடுபாதை என்றால் லேசர் போதும். கருவி சிறியது, எடை குறைவு, மின்சாரமும் அதிகம் தின்னாது. நீரில் இறங்கும் விமானமாக இருந்தால் லேசரை நம்பி வாங்காதீர்கள். அசையாத நீர்ப்பரப்பில் ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் தெறிக்கும், அல்லது உள்ளே போய்விடும். விமானியின் கண் ஏமாறுவதும் அந்த அசையாத நீரில்தான். உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில் கருவி ஊமையாகிவிடும். அங்கே ரேடார்தான் சரி. 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் முழு ரேடார் ஆல்டிமீட்டர் விலை கூடியது. வயிற்றுப்பகுதித் தகட்டில் ஆண்டெனா பொருத்தவும் வேண்டும்.

கேள்வி: விளம்பரத்தில் ‘100 மீட்டர் எட்டும்’ என்கிறார்கள். வேறென்ன கேட்க வேண்டும்?

பதில்: எந்தப் பரப்பில் 100 மீட்டர் என்று கேளுங்கள். வெள்ளைப் பலகையில் எட்டும் தூரம் வேறு, வெயிலில் கிடக்கும் கருந்தாரில் எட்டும் தூரம் வேறு. ஒளியில் 10 சதவீதத்தை மட்டும் திருப்பும் பரப்பில் எவ்வளவு எட்டும் என்பதற்கு விற்பவரிடம் எண் இருக்க வேண்டும். விநாடிக்கு 20 தடவையாவது அளக்கிறதா என்று பாருங்கள். 100, 50, 40, 30, 20, 10, பிறகு 5 முதல் 1 அடி வரை என்று உயர அறிவிப்புகளை நீங்களே தேர்ந்துகொள்ள வழி இருக்க வேண்டும். ‘இருபது’ என்று சொல்லி முடிப்பதற்குள் விமானம் 18-க்கு வந்துவிடும். ஆகவே குரல் சுருக்கமாக இருப்பது அழகுக்காக அல்ல.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை: கருவி பழுதானால் அது எனக்கு எப்படித் தெரியும்? மின்சாரம் கொடுத்ததும் தன்னைத் தானே சோதித்துக் குரலில் சொல்லும் கருவியையே வாங்குங்கள். இல்லாவிட்டால் மௌனத்துக்கு ‘இன்னும் உயரத்தில் இருக்கிறோம்’ என்று அர்த்தமா, ‘கருவி செத்துவிட்டது’ என்று அர்த்தமா எனப் பிரித்தறிய முடியாது.

கேள்வி: சென்சாரை எங்கே பொருத்துவது?

பதில்: முதன்மைச் சக்கரங்களுக்கு நேராக, இறக்கையின் அடிப்பக்கம் உள்ள பரிசோதனை மூடி பல விமானங்களில் வசதியான இடம். அந்த மூடிக்குப் பதிலாகத் துளையிட்ட இன்னொரு மூடியைச் செய்து மாட்டினால் மூல மூடியைத் தொடவே வேண்டாம். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் எஞ்சின் பிரீதர் குழாய்க்கும் (எஞ்சினின் எண்ணெய் ஆவியை வெளிவிடும் குழாய்) பின்னால் வைக்காதீர்கள். லென்ஸில் படியும் எண்ணெய்ப் படலமும் புகைக்கரியும் பொய்யான சின்ன எண்களைச் சொல்ல வைக்கும்.

சக்கரங்களுக்கு 2 மீட்டர் பின்னால் வைத்து, மூக்கு 8 டிகிரி தூக்கிய நிலையில் இறங்கினால் சென்சார் 28 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். சக்கரம் இன்னும் ஓர் அடி மேலே இருக்கும்போதே கருவி தரை வந்துவிட்டது என்று சொல்லும். ஆகவே மூக்குச்சக்கர விமானத்தில் கருவியின் சுழியத்தை (0 அடி) தரையில் சமமாக நிற்கும்போது வைக்க வேண்டாம். வால் பக்கம் பராமரிப்புக் கையேடு அனுமதிக்கும் இடத்தில் அழுத்தி, மூக்கைத் தரைதொடும் கோணத்துக்குத் தூக்கி வைத்து அளவெடுங்கள். ஆலியோ ஸ்ட்ரட் (சக்கரக் காலில் உள்ள அதிர்வுதாங்கி) இருந்தால் காற்றில் அது சில அங்குலம் நீளும், அதையும் கூட்டுங்கள். சிறு சாய்வுக்குப் பயப்பட வேண்டாம். 10 டிகிரி சாய்ந்தால் பிழை 1.5 சதவீதம்தான். 30 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்து திரும்பும்போது மட்டும் 100 அடியை 115 என்று சொல்லும்.

கேள்வி: பொருத்திய பிறகு ஹெட்செட்டில் ‘ஙொய்’ என்ற இரைச்சல். வானொலிப் பேச்சு வரும்போது உயர அறிவிப்பும் காணாமல் போகிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. இரைச்சல் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) சத்தம் கிரவுண்ட் (மின்சுற்றின் பொது எதிர்முனை இணைப்பு) வழியாக நுழைகிறது. கருவியின் கிரவுண்டை ஆடியோ பேனல் கிரவுண்ட் இருக்கும் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷீல்டு கம்பியின் உறையை ஒரு முனையில் மட்டும் இணையுங்கள். அறிவிப்பு மறைவதற்குக் காரணம், ஒலியை இசைக்கான உள்ளீட்டில் கொடுத்திருப்பது. வானொலி பேசினால் அது தானாக அடங்கும். எச்சரிக்கை ஒலிகளுக்கென்று இருக்கும், அடங்காத உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். ஒலியளவைக் கொட்டகையில் வைத்து முடிவுசெய்யாமல் பறக்கும்போது சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஓடுபாதையை நெருங்கி இறங்கும்போது ‘100, 50, 80’ என்று தாவுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கீழே மரம், வேலி, பள்ளம் எது இருக்கிறதோ அதிலிருந்துதான் அளக்கிறது. ஓடுபாதை தொடங்கிய பிறகும் தாவினால்தான் லென்ஸையும் இணைப்பையும் பாருங்கள். உயரமான புல்லில் புல்நுனியையே தரை என்று எடுத்துக்கொள்ளும். மூடுபனியிலும் மழையிலும் துளிகளையே அளந்துவிடலாம்.

கேள்வி: அனுமதி வேண்டுமா?

பதில்: சான்றிதழ் பெற்ற விமானத்தில் நிரந்தரமாக எதைப் பொருத்தினாலும் வேண்டும். அமெரிக்காவில், கட்டாயமில்லாத பாதுகாப்புக் கருவிகளுக்கென 2016-இல் எளிய வழி ஒன்று வந்தது. மற்ற நாடுகளில் அந்தந்த ஒழுங்குமுறை அமைப்பின் விதியைப் பார்த்து, உரிமம் பெற்ற பொறியாளரிடம் கேட்டுவிட்டே துளையிடுங்கள்.

கேள்வி: எந்த எண்ணைக் கேட்டதும் மூக்கைத் தூக்க வேண்டும்?

பதில்: எண்ணைவிட இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள், இந்தக் கருவியின் உண்மையான பயன் அதுதான். 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில், 3 டிகிரிச் சரிவில் வந்தால் விநாடிக்கு 5 அடி இறங்குவீர்கள். 10 அடிக்கு 2 விநாடி. 50, 40, 30 என்பவை ஒரு விநாடிக்கு ஒன்றாக வந்தால் இறக்கம் இரட்டிப்பாக இருக்கிறது. தூக்குவதைச் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டும், அல்லது திரும்ப மேலேற வேண்டும். 10-க்குக் கீழே இடைவெளி நீண்டுகொண்டே போக வேண்டும். ‘மூன்று, மூன்று, நான்கு’ என்று எண் ஏறினால் விமானம் மிதந்து மேலே போகிறது: மூக்கை அப்படியே பிடித்திருங்கள், இன்னும் இழுக்காதீர்கள். முதலில் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, கண் ஓடுபாதையின் கடைக்கோடியிலேயே இருக்கும்படி பழகுங்கள்; கருவியை அணைத்துவிட்டும் இடையிடையே இறங்குங்கள்.