மின்தடைக்குப் பின் உயிர்பெறாத கணினி: கேள்விகளும் பதில்களும்

கோடைமழையும் காற்றுமாகப் பல ஊர்களில் மின்சாரம் போய்ப் போய் வந்த நாட்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மின்சாரம் போவதால் கணினியின் உறுப்புகள் கெடுவது குறைவு. அது திரும்பி வரும் விதத்தால் கெடுவதே மிகுதி. ஆகவே பெரும்பாலான பதில்களில் சுவரிலுள்ள பிளக்கில் தொடங்கி உள்நோக்கிச் செல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்): மின்சாரம் போய் அரை மணி நேரத்தில் வந்தது. அதன் பிறகு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். மதர்போர்டு (எல்லா உறுப்புகளும் இணையும் முதன்மைப் பலகை) போயிருக்கும், மாற்ற வேண்டும் என்றார். அது சரியா?

பதில்: பார்க்காமல் சொன்ன அந்த முடிவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதே பிளக்கில் கைப்பேசி சார்ஜரைப் பொருத்தி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தவிர்த்துக் கணினியை நேரே சுவரில் பொருத்துங்கள். மானிட்டரின் மின்கம்பியும் பெரும்பாலும் அதே வகைதான் என்பதால் அதைக் கழற்றிக் கணினியில் மாட்டிப் பாருங்கள். கேபினட்டின் பின்புறமுள்ள சிறிய சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வீட்டில் யாரேனும் அக்கறையோடு அதை அணைத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், மின்கம்பியை முழுவதும் கழற்றிவிட்டு, முன்புறப் பொத்தானை முப்பது விநாடிகள் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் இணையுங்கள். மின்னழுத்தம் திடீரென ஏறி இறங்கும்போது எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்வதுண்டு. உள்ளே எஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிந்தால்தான் அந்தப் பூட்டு விலகும். என் மேசைக்கு வருகிற கணினிகளில் சில இந்த ஒரு படியிலேயே எழுந்துவிடும். அவற்றுக்குக் கூலி வாங்கக் கூச்சமாக இருக்கும்.

அப்படியும் எழவில்லையென்றால் பக்கவாட்டு மூடியைத் திறந்து, மதர்போர்டில் சிறு விளக்கு ஏதேனும் எரிகிறதா என்று பாருங்கள். எல்லாப் போர்டுகளிலும் அது இருப்பதில்லை. எரிந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காத்திருப்பு மின்சாரமாகிய 5 வோல்ட் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது முன்புறப் பொத்தானையோ அதன் கம்பியையோ சந்தேகிக்கலாம்.

கேள்வி (கோவில்பட்டி): மேற்சொன்ன எல்லாம் செய்தாயிற்று, ஐயா. எஸ்.எம்.பி.எஸ்.தான் கெட்டது என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி? மல்டிமீட்டர் இருக்கிறது.

பதில்: மல்டிமீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மதர்போர்டில் செருகியிருக்கும் 24 முள் இணைப்பியைக் கழற்றாமலே, அதன் பின்புறமாக, ஊதா நிறக் கம்பியில் ஒரு முனையையும் கறுப்புக் கம்பியில் மறுமுனையையும் வைத்து அளவெடுங்கள். கணினி அணைந்திருந்தாலும் அங்கே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

அந்த 5 வோல்ட் இருந்தும் கணினி எழவில்லையென்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். சுவர் சுவிட்சை அணைத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போகும் எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, 24 முள் இணைப்பியிலுள்ள ஒரே பச்சைக் கம்பியின் துளையையும் ஒரு கறுப்புக் கம்பியின் துளையையும் வளைத்த காகிதக் கிளிப்பால் இணைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்றினால் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சுமை இல்லாதபோது சரியான அளவைக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் தளர்ந்துவிடுகிற எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு, எனவே இதில் தோற்றது பெரும்பாலும் கெட்டதுதான்; ஆனால் தேறியது நிச்சயம் நல்லது என்று சொல்வதற்கில்லை. எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருக்கிற மாதிரியில் இச்சோதனையைச் செய்யாதீர்கள். துளை மாறினால் வேறு இழப்பு வரும்.

எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி மின்தேக்கியில் தங்குகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சற்று நேரம் அங்கேயே இருக்கக்கூடும்.

புதிது வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை நம்பாமல், பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும் இதே கணக்குத்தான்: மேலே 450 வாட் என்றிருந்து, 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால், கணினி பெரிதும் நம்பியிருக்கும் அந்த வழியில் கிடைப்பது 192 வாட் மட்டுமே.

கேள்வி (மதுரை): எங்கள் தெருவில் மின்சாரம் திரும்பி வந்தபோது சில வீடுகளில் விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன, சில வீடுகளில் மங்கின. என் கணினியில் 'டப்' என்று சத்தம் வந்து புகை நாற்றம் அடித்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் போய்விட்டது. இது எதனால்?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் நியூட்ரல் கம்பி (எல்லா வீடுகளுக்கும் பொதுவான திரும்பு கம்பி) அறுந்ததையோ தளர்ந்ததையோ காட்டுகின்றன. தெருவுக்கு மூன்று பேஸ்கள், அதாவது மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகள், வருகின்றன. ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் வெவ்வேறு பேஸ்களிலுள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்ததுபோல் ஆகி, அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுமை குறைந்த வீட்டுக்கு மின்னழுத்தம் ஏறும். சுமை மிகுந்த வீட்டுக்கு இறங்கும். வீட்டில் ஒற்றை பேஸ் இணைப்புத்தானே என்று இருந்துவிட முடியாது. கம்பத்தில் அறுந்தாலும் இதே விளைவுதான்.

400 வோல்ட்டின் உச்சம் ஏறத்தாழ 565 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதன்மை மின்தேக்கி வழக்கமாக 400 அல்லது 450 வோல்ட்டையே தாங்கும். நீங்கள் கேட்ட சத்தம் அதுவாகவோ, மிகையழுத்தத்தை உறிஞ்சும் வேரிஸ்டராகவோ இருக்கலாம். வேரிஸ்டர் வெடித்து உள்ளேயிருக்கும் ஃபியூஸ் போயிருந்தால் மதர்போர்டும் டிஸ்க்கும் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. ஆயினும் புதிய எஸ்.எம்.பி.எஸ். பொருத்தி முதன்முறை இயக்கும்போது டிஸ்க்கை இணைக்காமல் இயக்கிப் பாருங்கள். விளக்குகள் அப்படி எரிவதைக் கண்டவுடன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்வாரியப் பணியாளர் சரிசெய்து, மின்னழுத்தத்தை அளந்து பார்க்கும் வரை எதையும் பிளக்கில் செருக வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றும் வரவில்லை. 'பீப்' ஒலி விட்டுவிட்டு வருகிறது.

பதில்: ரேம் எனும் நினைவக அட்டையில் தொடங்குங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களை முழுவதும் துடைத்து, இருபுறமும் 'கிளிக்' என்று பிடிக்கும்படி அழுத்துங்கள். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தால் அதைக் கழற்றி, மதர்போர்டிலேயே திரை இணைப்பு இருக்குமாயின் அதில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், சேலம்): மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போய், எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது. பட்டன் பேட்டரியை மாற்றினேன். இப்போது விண்டோஸ் தொடங்கும்போது நீலத்திரை வருகிறது. பேட்டரியால் இப்படி ஆகுமா?

பதில்: ஆகும், ஐயா. பேட்டரியை மாற்றியது சரியே. சி.ஆர்.2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரி, சுவர் மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுகிறது. பல போர்டுகளில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் அதுவே காக்கிறது. அது தீர்ந்ததும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். பயாஸுக்குள் சென்று சாட்டா முறையை, அதாவது டிஸ்க்கோடு மதர்போர்டு தொடர்புகொள்ளும் முறையை, பாருங்கள். விண்டோஸ் நிறுவியபோது ஏ.எச்.சி.ஐ. என்று இருந்தது இப்போது ரெய்டு அல்லது ஐ.டி.இ. என்று மாறியிருந்தால் இந்த நீலத்திரை வரும். 'பூட் டிவைஸ் இல்லை' என்று வந்தால் யு.இ.எஃப்.ஐ., லெகஸி ஆகிய இரண்டு தொடக்க முறைகளில் முன்பு இருந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேதியையும் திருத்திவிடுங்கள்; அது தவறாக இருந்தால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்டால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். அவசரப்பட்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

கேள்வி (கணக்காளர், திருப்பூர்): மின்சாரம் போனபோது கணக்கு மென்பொருள் திறந்திருந்தது. இப்போது 'தானியங்கிப் பழுதுநீக்கம்' என்று வந்து, அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாண்டுக் கணக்கு உள்ளே இருக்கிறது.

பதில்: உங்களுக்குக் கணினியைவிடக் கணக்கு முக்கியம். ஆகவே முதலில் நகல், பிறகுதான் பழுதுநீக்கம். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஒலி இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தோ, பென்டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ் மூலமோ கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். செக் டிஸ்க் ஆணையை அதற்கு முன் கொடுக்க வேண்டாம். அது கோப்பமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. ஒழுங்குபடுத்தும்போது பாதி எழுதப்பட்ட கோப்பைத் துண்டாக்கி ஒதுக்கவும் தயங்காது.

கேள்வி (பொதுச் சேவை மையம், நாகர்கோவில்): புதிய இன்வெர்ட்டர் வைத்தும், மின்சாரம் போகும் கணத்தில் கணினி அணைந்து மீண்டும் தொடங்குகிறது. தனியாக யு.பி.எஸ். வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். முறைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும். முழுச் சுமையில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஏறத்தாழ 16 மில்லிவிநாடிகள்தான் மின்சாரமின்றித் தாக்குப்பிடிக்கும். சாதாரண முறையில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுப்பதால்தான் கணினி அணைகிறது. சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் சில புதிய எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு ஒத்துப்போகாது, சுவர் மின்சாரத்தைப் போன்ற சைன் அலையே நல்லது.

யு.பி.எஸ். வாங்குவதானால், 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்பது பெரும்பாலும் 360 வாட்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரை அதில் இணைக்கவே கூடாது. சூடேறும்போது அது பல நூறு வாட்டுகளை ஒரே மூச்சில் இழுக்கும்.

கேள்வி (கும்பகோணம்): மின்தடைக்குப் பின் எர்த் கம்பி இல்லாத பிளக்கில் மாற்றிப் பொருத்தினேன். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது.

பதில்: எர்த் இல்லாதபோது, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் பகுதி கேபினட்டை ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்க வைக்கும். அதில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியதே. ஆயினும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் காப்பு கெட்டால் அதே கேபினட் ஆபத்தாகிவிடும். மூன்று முள் பிளக்குக்கே திரும்புங்கள். அங்கே எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பாருங்கள்.

கேள்வி (ஊட்டி): இடியோடு மின்சாரம் போனது. கணினி இயங்குகிறது, இணையக் கம்பி மட்டும் வேலை செய்யவில்லை.

பதில்: இடியின் மிகையழுத்தம் மின்கம்பி வழியாக மட்டுமன்றி இணையக் கம்பி வழியாகவும் வரும். அந்தக் கம்பியை மடிக்கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் கணினியின் லேன் துளைதான் போயிருக்கிறது, யு.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. அங்கேயும் வேலை செய்யவில்லையென்றால் ரூட்டரில் வேறு துளைக்குக் கம்பியை மாற்றிப் பாருங்கள்.