கல், காகிதம், கத்தரிக்கோல்: சில முறை எதுவுமே வராதது ஏன்?

கணினி கல், காகிதம், கத்தரிக்கோல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்ட நீங்கள் எழுதிய பைத்தான் நிரல் சில முறை எதையுமே காட்டுவதில்லை, கல் மட்டும் அதிகமாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். ரேண்டின்டை (randint, ஏதோ ஓர் எண்ணைத் தரும் கட்டளை) இஃப் (if, நிபந்தனையைச் சோதிக்கும்) வரிக்கு மேலே ஒரே ஒரு முறை கூப்பிட்டு, வரும் எண்ணை ஒரு மாறியில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரில்) போட்டு வையுங்கள். அப்புறம் இஃப், எலிஃப் (elif, முந்தைய நிபந்தனை பொய்யானால் அடுத்ததைச் சோதிப்பது) எல்லாம் அந்த மாறியை மட்டும் பார்க்கட்டும். உங்கள் பைத்தான் நிரல் சில முறை எதையும் காட்டாமல் முடிவது இதோடு நின்றுவிடும்.

இப்போது உங்கள் மூன்று நிபந்தனைகளுக்குள்ளும் (1 என்றால் கல், 2 என்றால் காகிதம், 3 என்றால் கத்தரிக்கோல்) 1 முதல் 3 வரை ஓர் எண்ணைத் தரும் ரேண்டின்ட்(1, 3) தனித்தனியாக இருக்கிறது. ஒரே எண்ணை மூன்று தடவை சோதிப்பதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் கணினி தாயக்கட்டையைப் புதிதாக உருட்டுகிறது. முதல் வரியில் 2 விழுந்தால் "1 இல்லை" என்று கீழே இறங்கும். அங்கே மறுபடி உருட்டி 3 விழலாம். அதற்கடுத்த வரியில் 1 விழலாம். மூன்றும் தவறும் வாய்ப்பு 2/3 × 2/3 × 2/3, அதாவது 27இல் 8. கிட்டத்தட்ட 30 சதவீதம்! கல் மட்டும் அதிகமாக வருகிறது என்றீர்களே, அதுவும் இதனால்தான்: 27இல் கல் 9, காகிதம் 6, கத்தரிக்கோல் 4.

மாற்றியதும் ஒரு ஃபார் லூப்பில் (for, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) 1000 முறை ஓட்டி, எது எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 333ஐ ஒட்டி வந்தால் சரி.

கடைசி எலிஃபை எல்ஸ் (else, மேலே எதுவும் பொருந்தாவிட்டால் ஓடுவது) ஆக்கினாலும் வெற்று விடை மறையும். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள், பிழை அப்படியே இருக்கும். கத்தரிக்கோல் 27இல் 12 ஆகிவிடும்.

இன்னொன்று: ரேண்டின்டுக்குப் பதில் ரேண்ட்ரேஞ்ச்(1, 3) (randrange, கடைசி எண்ணைச் சேர்க்காதது) எழுதினால் 3 ஒருபோதும் வராது.