மாம்பழச்சிட்டு சிட்டுக்குருவிக்குச் சொந்தமா?

கேள்வி: திருகோணமலையில் வீட்டு முருங்கையில் வரும் மாம்பழச்சிட்டு, சிட்டுக்குருவி இனமா?

இல்லை. பெயரில்தான் சிட்டு. உவர்மலையில் எங்கள் வளவு முருங்கையிலும் ஒரு சோடி உண்டு. ஆணுக்குக் கறுப்புத் தலை, மஞ்சள் வயிறு, கறுத்த சிறகில் இரண்டு வெள்ளைக் கோடு. இலைக்கு இலை தாவிப் புழு பொறுக்கும். சிட்டுக்குருவியின் தடித்த, தானியம் உடைக்கும் அலகு இதற்கு இல்லை.

1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதை வாலாட்டிகளோடு சேர்த்து ‘மோட்டாசில்லா டிபியா’ என்றார். 1816இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ ‘ஏஜிதினா’ என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) உருவாக்கினார். டிபியா இப்போது அதற்குள் இருக்கிறது. விலங்கியலில் பேரினம் மாறினாலும் இனப்பெயர் (இரண்டாம் சொல்) கூடவே போகும். அப்படி மாறியதைக் காட்ட, முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அதனால்தான் ஏஜிதினா டிபியா (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது, ஒரு அடைப்புக்குறியே வரலாறு சொல்லிவிடுகிறது!

அப்புறம் பச்சைச்சிட்டுகளோடு ஒரே குடும்பத்தில் வைத்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்தபின் அதுவும் மாறியது. இன்று தனிக் குடும்பம். அதில் இந்த ஒரே பேரினம், நான்கே இனங்கள். காகமும் கீச்சானும் இருக்கிற பெருங்கிளையில்தான் இதற்கும் இடம். சிட்டுக்குருவி வேறு கிளை.