'ராணி டிரெஸ்' ஒன்றே போதுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறை இந்த ஆண்டு இரண்டு நாடகங்கள் போடுகிறது. இரண்டுமே லண்டன் கதை. ஒன்று 1600 வாக்கில் நடக்கிறது, மற்றது 1770-களின் பிற்பகுதியில். வாடகைக்கு உடை தரும் ஏஜென்ட், "ரெண்டுக்கும் ஒரே ராணி டிரெஸ் போதும், வளையம் வைத்த கவுன்தானே" என்கிறார். சரியா? - வாசகி, திருச்சி.

பதில்: சரியில்லை. அவர் காட்டும் கவுன் அநேகமாக உங்கள் இரண்டு நாடகத்துக்குமே ஆகாது. இடுப்பிலிருந்து தரைவரை வட்டமாகப் புடைத்து நிற்கிற எஃகு வளையப் பாவாடைக்கு 1856-ல்தான் காப்புரிமை வாங்கினார்கள். அது விக்டோரியா காலத்துச் சரக்கு. நம் ஊர் வாடகைக் கடைகளில் 'பழைய ஐரோப்பா' என்று கேட்டால் இதுதான் வரும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்ற தைரியம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்தக் காலத்துப் பெண்ணின் உருவத்தைத் தீர்மானித்தது மேலே தெரிகிற துணி அல்ல, உள்ளே கட்டியது. அதனால் பட்ஜெட்டில் முதல் பணம் உள்ளுடைக்கு.

1600-ல் வசதியான வீட்டுப் பெண் இடுப்பைச் சுற்றி, மேசை விரித்ததுபோலத் தட்டையாக நிற்கும் ஃபார்திங்கேல் என்ற உள்சட்டத்தைக் கட்டினாள். பாவாடை இடுப்பிலிருந்து வெளியே போய், விளிம்பில் மடிந்து நேராகக் கீழே இறங்கும். மேலுடம்பு பலகை மாதிரி தட்டை. முன்பக்கம் கூராக வயிற்றுக்குக் கீழே முடியும். மேலாடை, கை, பாவாடை எல்லாம் தனித்தனி உருப்படி. முடிச்சுப் போட்டும் குண்டூசி குத்தியும் சேர்ப்பார்கள். கழுத்தில் ரஃப், அதாவது மடிப்பு மடிப்பாக விரிந்து நிற்கும் கழுத்துப்பட்டை. அதை நிறுத்துவது கஞ்சி. ஃபிளாண்டர்ஸிலிருந்து (இன்றைய பெல்ஜியம் பக்கம்) 1564-ல் லண்டனுக்கு வந்த ஒரு பெண்மணி, காசு வாங்கிக்கொண்டு அங்கே கஞ்சி போடக் கற்றுக்கொடுத்தார். உங்களுக்கு அந்தச் செலவு கிடையாது. ஆர்கண்டி என்ற மெல்லிய பருத்தித் துணியை நீளப் பட்டையாக வெட்டி, நெருக்கமாகக் கொசுவி, கழுத்துப்பட்டையில் தைத்து, கெட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் போதும். ஏஜென்ட் தரும் சரிகை லேஸ் காலரை வாங்காதீர்கள்.

1770-களுக்கு வந்தால் ரஃப் இல்லை, ஃபார்திங்கேல் இல்லை. நடுவில் நடந்தவற்றில் பெரியது, 1670-களில் வந்த மாண்டுவா: தோளிலிருந்து தொங்கும் ஒரே அங்கி. கச்சு, அதாவது உடம்பை இறுக்கும் கட்டு, மேலாடையிலிருந்து பிரிந்து தனி உள்ளுடையாயிற்று. அதே சமயத்தில், 1675-ல், பெண்களுக்கான உடையைத் தைக்கப் பாரிஸ் தையல்காரிகளுக்குத் தனிச் சங்கம் அமைக்க அனுமதி கிடைத்தது. அதுவரை அந்த உரிமை ஆண் தையல்காரர்கள் கையில் இருந்தது. அந்த மாண்டுவாவின் வழிவந்ததுதான் உங்கள் இரண்டாம் நாடகத்துக் கவுன். முன்பக்கம் திறந்து உள்பாவாடை தெரியும், கை முழங்கையோடு நின்று அதில் லேஸ் தொங்கும். சாக் கவுன் என்றால் கழுத்தடியிலிருந்து இரண்டு பெரிய மடிப்புகள் முதுகில் தரைவரை இறங்கும். "ஜிப் வைத்தால் மேடையில் தெரியாது" என்பார் ஏஜென்ட். முதுகுக்கு நடுவே ஜிப் ஓடினால் அந்த மடிப்பு எங்கே நிற்கும்? மேலுடம்பின் முன்பக்கத்தைக் குண்டூசியால் மூடுங்கள், அன்றைக்கும் அப்படித்தான். கச்சில் கயிறு கோக்கும் துளைக்கு உலோக வளையம் (ஐலெட்) அடித்திருந்தால் அதுவும் 19-ஆம் நூற்றாண்டு. துளையைச் சுற்றிக் கையால் காஜா எடுக்கச் சொல்லுங்கள்.

துணிக்கு ஒரு நல்ல செய்தி. சோழமண்டலக் கரையின் பூவேலைத் துணிக்கு லண்டன் பெண்கள் பைத்தியமாக இருந்தார்கள். பட்டு, கம்பளி நெசவாளர்கள் பொறுக்க முடியாமல் 1719-ல் தெருவில் அதை உடுத்திப் போன பெண்கள்மேல் மை ஊற்றினார்கள், ஆடையைக் கிழித்தார்கள். 1721-ல் சட்டமே தடை போட்டது, 1774-ல்தான் அது தளர்ந்தது, அதுவும் இங்கிலாந்திலேயே நெய்து அச்சிட்ட பருத்திக்கு மட்டும். அந்த அச்சுப் பருத்தியின் தோற்றத்துக்கு, இரண்டாம் நாடகத்தில் வெள்ளைத் தரையில் பூங்கொடி ஓடும் கலம்காரி தாராளமாக எடுக்கலாம். தெய்வ உருவம், யானை வரிசை போட்டது வேண்டாம். முதல் நாடகத்துக்கு எந்த அச்சுத் துணியும் வேண்டாம்.

இனி ஏஜென்ட் மொபைலில் ஒரு படம் காட்டுவார்: இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு மேசைபோல் நீண்ட கவுன், "1700-ல எல்லாரும் இதுதான்" என்று. அது அரசவை உடை. இங்கே மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1770-களில் அகல வளையம் அரசவைக்கும் மிகப் பெரிய விழாவுக்கும் என்று ஒதுங்கிவிட்டது. வீட்டிலும் தெருவிலும் இடுப்பில் சின்னத் திண்டு போதும். ஆனால் லண்டன் அரசவை விடவில்லை. வெளியே இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறி, பாவாடை ஒட்டிக்கொண்டு விழுந்த 1800-களிலும் அரசவைக்குப் போகிறவள் வளையம் கட்டியே ஆக வேண்டும். மார்புக்குக் கீழேயிருந்தே வளையம் புடைத்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 1820-ல் நான்காம் ஜார்ஜ்தான் அதை ஒழித்தார். உங்கள் நாடகத்தில் அரசியைச் சந்திக்கும் காட்சி இருக்கிறதா? இருந்தால் அந்த ஒரு பாத்திரத்துக்கு மட்டும் பிரம்பு வைத்து அகலமாகச் செய்யுங்கள். இல்லையென்றால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்துத் தெரு டெய்லரே இதையெல்லாம் தைப்பார். ஆனால் உங்கள் அலுவலகம் மூன்று கொட்டேஷனும் ஜிஎஸ்டி பில்லும் கேட்கும். பில் இருக்கிற ஏஜென்ட், ஒரே ராணி டிரெஸ்ஸை வேறு வேறு லெட்டர்பேடில் மூன்று விலைக்குப் போட்டுத் தருவார்; குறைந்த விலை ஜெயிக்கும், குப்பை வந்து சேரும். துணியைப் பில்லோடு கடையில் வாங்கிவிட்டு, தையல் கூலியைத் தனி வவுச்சரில் காட்ட முடியுமா என்று முதல்வரிடம் இப்போதே கேளுங்கள். உள்ளுடை முதல் வாரத்திலேயே தயாராகட்டும், பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டுதான் ஒத்திகை பார்க்க வேண்டும். ஃபார்திங்கேலோடு நாற்காலியில் உட்காரவும் பழக வேண்டும், கதவில் நுழையவும் பழக வேண்டும்.